ஆள்காட்டிக்குப் பேர் வந்த விதம்

மற்ற ஊர்களில் அந்தக் குருவிக்குத் தலையில் ஒன்றும் கிடையாது. மஞ்சள் கால், கறுத்த நெஞ்சு, மண் நிற முதுகு, தண்ணீர் விளிம்பில் கால் நனைய நிற்பது, ஆளைக் கண்டால் ஒரு கத்தல், அவ்வளவுதான். எங்கள் சம்மனசேந்தல் கண்மாயில் மட்டும் அது முக்காடு போட்டிருக்கும். கோவிலுக்குள் நுழையும்போது நாங்கள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வோமே, அதைப்போல நெற்றிக்கு மேலிருந்து பின்னால் மடிந்து விழுகிற ஒரு கொண்டை. அந்தக் குருவிக்கு ஏன் அந்தப் பேர் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளைக் கேட்டால், அது ஒளிந்திருந்த ஆளைக் காட்டிக் கொடுத்தது, அதனால் ஆள்காட்டி என்று சொல்வார்கள். பிள்ளைகள்மேல் குற்றமில்லை. நாங்கள் சொல்லிக் கொடுத்ததைத்தான் சொல்கிறார்கள். நானும் என் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன், ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும்.

அதற்கு முன்னால் அதற்குப் பேரே கிடையாது. கண்மாய்க் குருவி என்போம், அதுவும் சொல்ல வேண்டி வந்தால். யாரும் தின்னாத, யாரும் வளர்க்காத பறவைக்குப் பேர் எதற்கு?

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அக்டோபரில், செபமாலை மாதத்தில், மாதா சுரூபம் கோவிலை விட்டிறங்கி அடுத்த அக்டோபர் வரைக்கும் வீடு வீடாக வரும். ஒரு வீட்டில் ஒரு வாரம். அந்த ஒரு வாரமும், சுரூபத்துக்கு முன்னால் ஏற்றிய விளக்கு அணையாதவரைக்கும், அந்த வீட்டுக்குள் யாரும் பொய் சொல்லக் கூடாது. எந்தச் சாமியாரும் போட்ட சட்டமில்லை, ஊரே தனக்குப் போட்டுக்கொண்டது. புருஷன் குடித்தானா என்று தெரிய வேண்டியவள், மாதாவைக் கும்பிட்டு வருவோம் வாங்க என்று அவனை அந்த வீட்டுக்குக் கூட்டிப் போவாள். அவன் வாசலிலேயே நின்று செருப்பு வாரைச் சரிபண்ணிக்கொண்டிருப்பான். மாட்டு வியாபாரிகள் அந்த நடையில் கால் வைக்கமாட்டார்கள். விவரமான பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்கு மாதா வருகிற வாரமாகப் பார்த்துத்தான் பேச வருவார்கள். இதையெல்லாம் சொல்லிச் சிரிப்போம். ஆனாலும் அந்த வாரம் அந்த வீட்டில் யாரும் பொய் சொன்னதில்லை.

அந்த வருஷம் எங்கள் கண்மாய்க்குள் சவுடு மண் அள்ள லாரிகள் வந்தன. முழங்கால் ஆழம் தோண்டுவதற்கு உத்தரவு வாங்கிக்கொண்டு ஒரு பனை ஆழம் தோண்டினார்கள். மனுக் கொடுத்தோம், கரையில் உட்கார்ந்து செபமாலை சொன்னோம், லாரி நின்றபாடில்லை. கடைசியில் இளவட்டங்கள் லாரியை மறித்தார்கள். கண்ணாடி உடைந்தது. மூன்று பேர்மேல் கேஸ் ஆனது. ஒருவன் ஞானப்பூவின் ஒரே மகன் சந்தியாகு, ஒருவன் டீக்கடை மிக்கேலின் தம்பி ராயப்பன், மூன்றாமவன் சலேத்மேரியின் கடைசி மகன் அமலன்.

ஞானப்பூவும் சலேத்மேரியும் ஒரு சுவருக்கு இரண்டு பக்கம் குடியிருந்தவர்கள், ஒருத்தியை ஒருத்தி மதினி என்பவர்கள், இரண்டு பேருமே புருஷனைப் பறிகொடுத்தவர்கள். ஞானப்பூ வெடுக்கென்று பேசுவாள், சலேத்மேரி மெதுவாகப் பேசுவாள். கோவிலில் செபம் தொடங்குவது சலேத்மேரிதான். அவள் குரல் வெள்ளிச் செம்பில் தண்ணீர் ஊற்றுவதைப்போல இருக்கும்; அவள் தொடங்கினால்தான் எங்களுக்கும் வாய் வரும். பையன்களுக்கு முன்ஜாமீன் வாங்க ஞானப்பூ மதுரைக்கு வக்கீலிடம் போனாள். பையன்கள் கண்மாய்க் கோரைக்குள் ஒளிந்தார்கள். மூன்று பேருக்கும் சோறு கொண்டு போகிற வேலை சலேத்மேரிக்கு. எந்த இடம் என்று அவளைத் தவிர ஊரில் யாருக்கும் தெரியாது, தெரியாமலிருப்பதுதான் நல்லது என்று நாங்களும் கேட்கவில்லை.

முதல் மழை பெய்து கண்மாயில் தண்ணீர் பரவியிருந்தது. பையன்கள் ஒளிந்த மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு இரண்டு ஜீப்பில் போலீஸ் வந்தது. முதல் தெருவில் ஒவ்வொரு வீடாகப் புகுந்து கேட்டார்கள், ஒவ்வொரு வீட்டிலும் தெரியாது என்றோம். அவர்களில் ஒரு கான்ஸ்டபிள் பக்கத்துப் பங்குக் கோவிலைச் சேர்ந்தவன், எங்கள் வழக்கம் தெரிந்தவன். அவன் இன்ஸ்பெக்டரிடம், "அய்யா, இந்த வாரம் மாதா எந்த வீட்டுல இருக்குன்னு கேளுங்க" என்றான்.

மாதா சலேத்மேரி வீட்டில் இருந்தாள்.

நாங்கள் தெருவில் நின்றோம். இன்ஸ்பெக்டர் பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனதையும், கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து தொப்பியை மாட்டிக்கொண்டு விசில் ஊதியதையும் பார்த்தோம். உள்ளே என்ன பேசினார்கள் என்று எங்கள் காதில் விழவில்லை. யாரையும் அடிக்கமாட்டேன் என்று மாதாவுக்கு முன்னால் அவர் சத்தியம் செய்தாராம், அந்தக் கான்ஸ்டபிள் பிறகு சொன்னான். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஒருவரும் ஒரு அடி அடிக்கவில்லை. ஜீப் சத்தமும் விசில் சத்தமும் கேட்டுக் கோரைக்குள்ளிருந்து எழுந்து ஓடிய சந்தியாகுவும் ராயப்பனும், யார் தோண்டுவதை நிறுத்த லாரியை மறித்தார்களோ அவர்கள் தோண்டிய குழிக்குள், கலங்கல் தண்ணீர் மேலே சமமாகப் பரவி ஆழமும் மேடும் ஒன்றுபோலக் கிடந்த அந்த இடத்தில், ஒருவன் பின் ஒருவனாக இறங்கிப்போனார்கள். அமலன் ஓடவில்லை. இரண்டு நாளாகக் காய்ச்சலில் கிடந்தவனால் எழுந்திருக்க முடியவில்லை. அவனைத் தூக்கித்தான் ஜீப்பில் போட்டார்கள்.

ஞானப்பூ மத்தியானப் பஸ்ஸில் வந்து இறங்கினாள், வக்கீல் கொடுத்த பேப்பரை மழை படாமல் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து மடியில் செருகிக்கொண்டு.

துக்க வீட்டில் மாரில் அடித்துக்கொண்டு வாயைத் திறந்த சலேத்மேரிக்குச் சத்தம் வரவில்லை. உதடு அசைந்தது, தொண்டை ஏறி இறங்கியது, கண்ணீர் வந்தது, குரல் மட்டும் வரவில்லை. அதிர்ச்சி, நாலு நாளில் சரியாகிவிடும் என்றார்கள். அடக்கம் முடிந்த மறுநாள் காலை கண்மாய்க் கரை வழியாகப் பால் கறக்கப் போன பெரிய சூசை, தண்ணீர் வழிந்தோடும் கலுங்கின்மேல் நின்ற குருவி தலையில் முக்காட்டோடு தன்னைத் திரும்பிப் பார்த்து, சலேத்மேரியின் குரலில், செபம் தொடங்குகிற அதே குரலில், "மேலமடைக்குக் கிழக்க, கோரைக்குள்ள இருக்காக" என்று சொன்னதைக் கேட்டார். செம்பைக் கீழே வைத்தார். "இருந்தாக" என்றார். பிறகு செம்பை எடுத்துக்கொண்டு மாட்டுக்குப் போனார்.

அன்று பொழுது சாய்வதற்குள் ஊரில் எல்லோரும் அதைக் கேட்டுவிட்டோம். கேட்டதும் எல்லோருக்கும் எல்லாம் விளங்கியது. கரையோரம் நின்ற ஒவ்வொரு குருவிக்கும் முக்காடு வந்திருந்தது. ஒவ்வொன்றும் அதையே சொன்னது.

கோவில் முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். சாமியார் இல்லாத நாளில் கோவிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் செங்கோல்தான் பேசினார், பொறுமையான மனுஷன், எல்லோருக்கும் நல்லது நினைக்கிறவர். "குருவி எழும்பிக் கத்துச்சு, அதை வச்சுப் போலீஸ் எடத்தைக் கண்டுபிடிச்சிருச்சு. இன்ஸ்பெக்டரும் அப்படித்தான் எழுதியிருக்காராம். நாமளும் அப்படியே வச்சுக்கிருவம்" என்றார்.

"அது யாரு குரல்ல கத்துதுன்னு காது இருக்குற எல்லாருக்கும் தெரியும்ணே" என்றான் மிக்கேல். தம்பியைப் புதைத்துவிட்டு வந்தவன்.

"தெரியட்டும், வாயில எடுக்க வேணாம். அவ சொன்னான்னா, மாதா வீட்டுல வச்சுச் சொன்னான்னு ஆகும். மாதா வீட்டுல வச்சுச் சொன்னான்னா, அப்படி ஒரு வழக்கத்தை வச்ச நம்ம எல்லாரும் சேர்ந்து சொன்னோம்னு ஆகும். அப்புறம் மாதா மேலயே போயி விடியும். எதுவரைக்கும் போறது, சொல்லு. அவ நல்லவ மிக்கேலு. குரலே போயிக் கெடக்கா. இதுக்கு மேல நாம என்னத்தச் செய்ய?"

"அப்ப அதுக்கு ஒரு பேரு வச்சிருங்க" என்றான் மிக்கேல். "பேரு இல்லாததாலதான் அதைப் பாத்ததும் அவ பேரு வாய்க்கு வருது."

அப்படித்தான் ஆள்காட்டி என்ற பேர் வந்தது. வைத்ததும் எங்களுக்கெல்லாம் ஒரு பாரம் இறங்கினதைப்போல இருந்தது. கூட்டத்தின் ஓரத்தில் தூணோடு தூணாக உட்கார்ந்திருந்த ஞானப்பூ மட்டும், "அதுக்குக் கையா இருக்கு காட்டுறதுக்கு?" என்று கேட்டாள். துக்கத்தில் இருப்பவள் ஆயிரம் கேட்பாள்.

ஒரு ஊர் எதற்கும் பழகிவிடும். முதல் மாதம் கரைப்பக்கம் போகாமல் சுற்றிப் போனோம். இரண்டாம் மாதம் டிரான்சிஸ்டரைச் சத்தமாக வைத்துக்கொண்டு போனோம். மூன்றாம் மாதம் கையில் கல்லோடு போனோம், கல்தான் சரியாக வந்தது. "மேலமடைக்கு" என்று தொடங்கும்போதே குனிந்து கல்லெடுத்து, "இருக்காக" என்று முடிவதற்குள் எறிந்துவிடுவோம். குருவி எழும்பிப் போய்விடும். பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிக்கொண்டார்கள். "கோரை" வருவதற்குள் அடித்தால் இரண்டு கெலிப்பு, பிறகு அடித்தால் ஒன்று.

வெளியூர்க்காரர்களுக்கு அது வெறும் கத்தலாகத்தான் கேட்டது. என் மூத்தவளைப் பெண் கேட்டு வந்தவர்கள் கரையில் நின்று, "என்னங்க, இந்தக் குருவிக்குத் தலையில கொண்டை இருக்கு, அழகா இருக்கே" என்றார்கள். ஆமாங்க, இந்தத் தண்ணிக்கு அப்படி, என்றேன். கட்டிக்கொண்டு வந்த மருமகள்களுக்கும் முதலில் ஒன்றும் கேட்காது. மூன்று மாதம் எங்கள் ஊர்த் தண்ணீரைக் குடித்த பிறகு ஒரு நாள் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது கை நின்றுவிடும், தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். அப்போது மாமியார்க்காரி பக்கத்தில் போய், "ஒண்ணுமில்லத்தா, ஆள்காட்டி. ஒரு கல்ல எடுத்து எறி" என்பாள். அதோடு அந்தப் பெண்ணும் எங்கள் ஊர்க்காரி ஆகிவிடுவாள்.

கோவிலில் செபம் தொடங்க ஆளில்லை. உபதேசியார் தொடங்கினார், அவருக்கு மூச்சு வாங்கும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மாதா பிரார்த்தனை சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் ஒவ்வொரு பேராகச் சொல்லச் சொல்ல, நாங்கள் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று பதில் சொல்லிக்கொண்டு வந்தோம். இடையில் அவர் இருமலுக்கு நின்றார். அந்த இடைவெளியில் ஜன்னலுக்கு வெளியே சுவர்மேல் வரிசையாக வந்து நின்ற குருவிகளில் ஒன்று, வெள்ளிச் செம்பில் தண்ணீர் ஊற்றுவதைப்போல, "மேலமடைக்குக் கிழக்க, கோரைக்குள்ள இருக்காக" என்றது. பழகிய குரல், பழகிய இடம். எங்கள் வாய் தானாகத் திறந்து, முந்நூறு பேரும் ஒரே சத்தமாக, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றோம். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. கடைசி வரிசையில் சலேத்மேரி நெற்றியைத் தரையில் வைத்துக் கிடந்தாள். உபதேசியார் அடுத்த பேரைச் சொன்னார்.

நாங்கள் அவளிடம் அன்பாகத்தான் இருந்தோம். குழம்பு கொடுத்தனுப்பினோம், கூரை பிரிந்தபோது வேய்ந்து கொடுத்தோம். ஜாமீனில் வந்த அமலன் இரண்டே நாள் வீட்டில் இருந்தான். கரைக்குப் போய் ஒரு தடவை நின்று கேட்டுவிட்டு வந்து, துணியை மூட்டை கட்டிக்கொண்டு திருப்பூர் போய்விட்டான், பிறகு வரவில்லை. அவள் அடுப்புக்கரியை எடுத்துக் கோவில் சுவரில், அஞ்சாங்கிளாஸ் கையெழுத்தில், நான்தான் சொன்னேன் என்று எழுதினாள். உபதேசியார் ஒரு வார்த்தை கடிந்து சொல்லாமல் சுண்ணாம்பு அடித்து மறைத்தார். அடுத்த வாரமும் எழுதினாள், அடுத்த வாரமும் அடித்தார். இரண்டு வருஷத்தில் அந்த இடத்தில் மட்டும் சுவர் ஒரு விரல் கனத்துப் புடைத்துவிட்டது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலிட்டு உதட்டை அசைத்தாள். சாமியார், "மனசுக்குள்ள சொல்லுங்கம்மா, ஆண்டவருக்குக் கேக்கும்" என்றார். அவள் தலையை ஆட்டினாள், இல்லை இல்லை என்று. கேட்க வேண்டியது ஆண்டவர் இல்லை என்று அவள் சொல்ல வந்தாள்போல. எங்களுக்கு அது அப்போது புத்தியில் ஏறவில்லை.

ஞானப்பூ அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் அந்தக் குருவியையும் அவள் ஆள்காட்டி என்று சொன்னதில்லை, ஒரு கல்லும் எறிந்ததில்லை. கரை வழியாகப் போகும்போது அது தொடங்கினால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவாள்.

ஒரு முட்டை நாலாகி, நாலு நாற்பதாகி, முட்டையிலிருந்து வரும்போதே முக்காட்டோடும் அந்த வார்த்தையோடும் குஞ்சுகள் வந்துகொண்டிருந்தன. மூன்றாம் வருஷம் பங்குனியில் கண்மாய் வற்றியதும், இனி முட்டையிலேயே அழித்தால்தான் உண்டு என்று ஊர் முடிவு செய்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு ஒருவர் கம்போடு கண்மாய்க்குள் இறங்கினோம். அந்தக் குருவி கூடு கட்டாது, வெறுந்தரையில் கூழாங்கல்லுக்கு நடுவில் கல்லைப்போலவே முட்டை வைக்கும். குனிந்து தேடித் தேடி உடைத்தோம். சிலது உடையும்போது உள்ளிருந்து, இன்னும் கண் திறக்காதது, "மேல" என்று மட்டும் சொல்லி நின்றது. அதைக் கேட்டும் உடைத்தோம். வேலை என்று இறங்கிவிட்டால் கை நிற்பதில்லை.

ஞானப்பூவும் வந்திருந்தாள். எனக்குப் பத்தடி தள்ளி, அந்தப் பழைய குழி ஓரத்தில், அவள் காலுக்கு முன்னால் ஒரு குருவி நாலு முட்டைமேல் அடைகாத்து உட்கார்ந்திருந்தது. அது எழும்பவில்லை. ஞானப்பூ கம்பை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. காதைப் பொத்த அவளுக்குக் கை ஒழியவில்லை. குருவி அவளை அண்ணாந்து பார்த்துச் சொன்னது.

"மேலமடைக்குக் கிழக்க, கோரைக்குள்ள இருக்காக."

கல் வரவில்லை. கம்பும் இறங்கவில்லை. குருவி மூச்செடுத்துக்கொண்டது. பிறகு, மூன்று வருஷமாக யாரும் சொல்லி முடிக்க விடாததைச் சொல்லி முடித்தது.

"எம்மகனுக்குக் காச்சலுங்கய்யா. மெதுவாப் போங்க, சத்தம் போடாதீக. பயந்து ஓடிருவாக. அந்தப் பக்கம் குழி இருக்கு."

நானும் கேட்டேன். என் கையில் இரண்டு முட்டை இருந்தது. அதை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

ஞானப்பூ கம்பைக் கீழே போடவில்லை. அதை எடுத்துக்கொண்டே கரையேறி ஊருக்குள் நடந்தாள். அடித்துக் கிடித்துவிடப் போகிறாளே என்று நான் பின்னாலேயே ஓடினேன். சலேத்மேரி வாசலில் உட்கார்ந்து கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். ஞானப்பூ அவளுக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஆள்காட்டி" என்றாள்.

மூன்று வருஷமாக ஊரே அந்தக் குருவியைச் சொன்ன சொல். அவளை யாரும் சொன்னதில்லை. சலேத்மேரி முறத்தை ஓரமாக வைத்தாள். தொண்டை ஏறி இறங்கியது.

"ஆமா மதினி" என்றாள்.

அந்தக் குரல் பழைய குரலாக இல்லை, துருப்பிடித்த ராட்டினத்தைப்போல இருந்தது.

"குழி இருக்குன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"மெதுவாப் போகச் சொன்னியா?"

"சொன்னேன். கேட்டுக்கிட்டுத்தான் போனாரு. வாசலுக்குப் போனதும் விசில எடுத்துட்டாரு."

"காச்சல் உம்மகனுக்கு மட்டுந்தானா?"

"அவனுக்கு மட்டுந்தான். மத்த ரெண்டு பேரும் நல்லாத்தான் இருந்தாக."

ஞானப்பூ கம்பை ஊன்றி அதன்மேல் சாய்ந்துகொண்டாள். "அவனுக்குக் காச்சல் இல்லாட்டி சொல்லியிருப்பியா?"

அப்போது அந்த வீட்டில் மாதாவும் இல்லை, விளக்கும் இல்லை. அவள் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். மாதாவுக்காகத்தான் சொன்னேன் என்று சொல்லியிருந்தால் ஞானப்பூவுக்கும் எங்கள் எல்லோருக்கும் அது போதுமானதாக இருந்திருக்கும்.

"சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள் சலேத்மேரி. "பொய் சொல்லக் கூடாதுன்னுதான மதினி வழக்கம். பேசாம இருக்கக் கூடாதுன்னு இல்லையே. பேசாம இருந்திருப்பேன். எம்புள்ள மூணு நாளாத் தண்ணிக்குள்ள நடுங்கிக்கிட்டுக் கெடந்தான். புடிச்சிட்டுப் போனாலும் ஒரு கூரைக்குக் கீழ வப்பாகன்னு நெனச்சேன். உம்புள்ளைய நெனைக்கல. ராயப்பனையும் நெனைக்கல. எடத்தைச் சொன்ன பெறகுதான் குழி நெனப்பு வந்துச்சு."

கண்மாயிலிருந்து திரும்பி வந்தவர்கள் தெருவில் நின்றுகொண்டிருந்தார்கள். ஞானப்பூ கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, அந்த வாசலிலேயே, கேப்பை உமி கிடந்த தரையிலேயே உட்கார்ந்தாள். பிறகு, அடுத்த வீட்டுக்காரியிடம் அரிசி விலை கேட்கிற மாதிரி கேட்டாள்.

"கடைசியா என்ன சாப்புட்டான்?"

"புளிச்சோறு. கத்திரிக்கா வச்சிருந்தேன், அதை ராயப்பனுக்குத் தள்ளிவிட்டுட்டான்."

"சின்னப் புள்ளையிலருந்தே திங்க மாட்டான்."

"ஆமா. அரிக்குதும்பான்."

ஞானப்பூ எழுந்து போய்விட்டாள். அன்றைக்கு அவ்வளவுதான்.

அன்று மத்தியானத்திலிருந்து குருவிகள் அந்த வார்த்தையை விட்டுவிட்டன. முக்காடு மட்டும் இருந்தது, கத்தல் மட்டும் இருந்தது, மற்ற ஊர்க் குருவிகளின் கத்தலைப்போலவே. ஊருக்கு நிம்மதி. முட்டை உடைத்ததில் பயந்துவிட்டது என்றார்கள். சலேத்மேரி குரல் வந்ததும் கோவிலுக்குப் போய், பூசை முடியும் நேரம் எழுந்து நின்று, "நான்தான் சொன்னேன்" என்றாள். உபதேசியார் அவள் தோளைத் தொட்டு உட்கார வைத்து, "அது குருவி சொன்னதுத்தா. நீ ஏன் அதையெல்லாம் இழுத்து மேல போட்டுக்கிற, குரல் வந்துச்சே, செபத்தைத் தொடங்கு" என்றார். அவள் தொடங்கவில்லை. ஊர் அவளை நம்பவே இல்லை. நம்ப மறுத்தோம் என்று சொல்வதுதான் சரி. இன்றைக்கும் பிள்ளைகள் கண்மாய்க்குப் போனால், ஆள்காட்டி டோய் என்று கல்லெடுக்கிறார்கள். ஏன் எடுக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

ஆனால் அடுத்த சனிக்கிழமை ஞானப்பூ வந்தாள். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தாள். மன்னிக்க வரவில்லை, அதை அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். "உன்னைய மன்னிக்க மாட்டேன், அதைக் கேக்காத. அவன் அந்த மூணு நாளும் எப்படி இருந்தான்னு தெரிஞ்ச ஆளு நீ ஒருத்திதான், அதுக்குத்தான் வாரேன்." சலேத்மேரியும் மன்னிப்பு கேட்கவில்லை. வாரத்துக்கு ஒன்றாகச் சொன்னாள். நீலக்கட்டம் போட்ட கைலி கட்டியிருந்தான். கொசுவுக்குச் சேற்றைப் பூசிக்கொண்டு, பூதம் மாதிரி இருக்கேனா அயித்தை என்று கேட்டுச் சிரித்தான். அமலனுக்குத் தன் சட்டையைக் கழற்றிப் போர்த்தினான். ஒரு தடவை விக்கல் வந்தது, அம்மா நினைக்குது என்றான். இடது குதிகாலில் முள் ஏறியிருந்தது, எடுத்துவிட்டேன். இப்படி ஒவ்வொன்றாக, ஒரு வருஷத்துக்குமேல். ஞானப்பூ ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டு எழுந்து போய்விடுவாள். அடுத்த ஏழு நாளும் அவளுக்கு அது போதும்.

மூன்று நாள், ஒரு நாளைக்கு இரண்டு தடவை, சோறு கொடுக்கிற நேரம் மட்டும். எவ்வளவுதான் இருக்கும்? போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை நான் ஊறுகாய் கொடுக்கப் போயிருந்தேன். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"வேற?" என்றாள் ஞானப்பூ.

சலேத்மேரி யோசித்தாள். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் தேடினாள். "அம்புட்டுத்தான் மதினி. முடிஞ்சு போச்சு."

"ஒண்ணுமே இல்லையா?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

ஞானப்பூ எழுந்திருக்கவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. "சும்மாவாச்சும் ஒண்ணு சொல்லு" என்றாள்.

சலேத்மேரி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அறுபது வயதுக்குமேல் ஆனவள். அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. மாதா இருந்த வாரத்திலும் கேட்டதில்லை, இல்லாத வாரத்திலும் கேட்டதில்லை.

"ஒரு நாளு குளிருதுன்னான்" என்றாள். "அம்மாவோட பச்சைச் சேலை இருந்தா நல்லாருக்கும் அயித்தை, அதைப் போத்திக்கிட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்னான்."

ஞானப்பூவிடம் பச்சைச் சேலை இருந்ததே கிடையாது. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"அப்படியா சொன்னான்?" என்றாள் ஞானப்பூ.

"அப்படித்தான் சொன்னான்."

ஞானப்பூ தலையை ஆட்டினாள். கையை ஊன்றி எழுந்தாள், வாசல்வரை போனாள், திரும்பாமலேயே நின்றாள்.

"அடுத்த சனிக்கிழமை வாரேன்" என்றாள். "வேற என்ன சொன்னான்னு யோசிச்சு வையி."